எதைக் காட்டாமல் விடுவது: திகில் பட போஸ்டர் வடிவமைப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1973-இல் வெளியான 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்தின் போஸ்டரை ஒரு நிமிடம் நிதானமாகப் பாருங்கள். இரவு நேரம், பனிமூட்டம். தெருவிளக்கின் அருகே தொப்பி அணிந்த ஒருவர் கையில் பெட்டியோடு நிற்கிறார். முகம் தெரியவில்லை, உருவம் முழுவதும் கறுப்பு. வீட்டின் மாடி ஜன்னலிலிருந்து வெளிச்சம் பட்டையாக இறங்கி அவர் நிற்கும் இடத்தில் விழுகிறது. போஸ்டரில் இருப்பது இவ்வளவுதான். படத்தைப் பார்த்தவர்களின் நினைவில் முதலில் வந்து நிற்பது பேய் பிடித்துக் கட்டிலில் கிடக்கும் அந்தச் சிறுமியின் முகம். அந்த முகத்துக்குப் போஸ்டரில் இடமே இல்லை.

வடிவமைத்தவர் பில் கோல்ட். அந்தக் காட்சிக்கு இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கினுக்குத் தூண்டுதலாக இருந்தது, பெல்ஜிய ஓவியர் ரெனே மாக்ரித்தின் 'ஒளியின் பேரரசு' ஓவிய வரிசை: மேலே பகல் வானம், கீழே இருண்ட தெரு, நடுவில் ஒற்றை விளக்கு. போஸ்டருக்கு வந்து சேர்ந்தபோது அது இன்னொரு முரணாக மாறிவிட்டது. வழக்கமாக வெளிச்சம் பாதுகாப்பு, இருட்டு ஆபத்து. இங்கே ஆபத்து வெளிச்சமுள்ள அறையில் இருக்கிறது. இருட்டில் நிற்பவர்தான் அவளைக் காப்பாற்ற வந்த பாதிரியார். பார்ப்பவர் இதை வார்த்தைகளாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனாலும் அந்த ஜன்னலுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி அவரை நகரவிடுவதில்லை.

இந்த வழிகாட்டி முழுவதும் நான் திரும்பத் திரும்ப வரப்போவது இந்த இடத்துக்குத்தான். திகில் போஸ்டர் செய்பவர் முதலில் முடிவெடுக்க வேண்டியது எதைக் காட்டாமல் விடுவது என்று. ஒளி, நிறம், எழுத்து எல்லாம் அந்த முடிவுக்குப் பிறகு வருபவை. போஸ்டர் வடிவமைக்கத் தொடங்குபவர்களுக்காகவும், ஒரு போஸ்டர் தம்மை ஏன் பிடித்து நிறுத்துகிறது என்று அறிய விரும்புபவர்களுக்காகவும் இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: படத்தின் பயத்தை ஒரே வரியில் எழுதுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. 'பேய்ப் படம்', 'தொடர் கொலைப் படம்' என்பதெல்லாம் வகையின் பெயர்கள். அவற்றை வைத்துக்கொண்டு வடிவமைத்தால், நூறு படங்களுக்குப் பொருந்தும் ஒரு போஸ்டர்தான் கிடைக்கும். யார் பயப்படுகிறார், எதற்கு, அது எங்கிருந்து வருகிறது என்று எழுதுங்கள்.

நான் எழுதும் வரியில் ஒரு திசைச்சொல் கட்டாயம் இருக்கும்: கீழிருந்து, பின்னாலிருந்து, உள்ளிருந்து, கதவுக்கு அப்பாலிருந்து. 'தனியாக வாழும் பெண்ணை ஆவி துரத்துகிறது' என்ற வரியால் எனக்குப் பயனில்லை. 'தனியாக வாழும் பெண் தூங்கும்போது கட்டிலுக்கு அடியிலிருந்து யாரோ மூச்சுவிடுகிறார்கள்' என்று எழுதியதுமே போஸ்டரில் பாதி முடிந்துவிட்டது. படம் மேல், கீழ் என இரண்டாகப் பிரியும், மேல்பாதி அமைதியாக இருக்கும், எடையெல்லாம் கீழே இறங்கும் என்று திசைச்சொல்லே சொல்லிவிடுகிறது. பயம் உள்ளிருந்து வருகிறது என்றால் முகத்துக்கும் தோலுக்கும் நெருங்கிப் போக வேண்டும். பயம் தனிமையிலிருந்து வருகிறது என்றால் விலகிப் போக வேண்டும்.

படத்தில் இல்லாத பயத்தை இந்த வரியில் எழுதிவிடாதீர்கள். மெதுவாக நகரும் ஓர் உளவியல் கதைக்கு ரத்தம் சொட்டும் கோடரியைப் போட்டால், கோடரியைத் தேடி வந்தவர் ஏமாறுவார். மெதுவான கதையை விரும்புபவர் வராமலே போவார்.

படி 2: மறைக்க வேண்டியதைத் தேர்ந்தெடுங்கள்

படத்தில் மிகவும் பயமுறுத்தும் பத்துக் காட்சிகளைப் பட்டியல் போடுங்கள். முதலிடத்தில் இருப்பதை அடித்துவிடுங்கள். அது போஸ்டருக்குப் போகாது, திரையரங்குக்குச் சொந்தமானது.

இதை ஏற்றுக்கொள்வது எளிதில்லை. நான் முதன்முதலில் ஒரு குறும்படத்துக்குப் போஸ்டர் செய்தபோது, ஒப்பனைக் கலைஞர் ஆறு மணி நேரம் உழைத்து உருவாக்கிய பேய் முகத்தை நடுவில் பெரிதாக வைத்தேன். முகம் அற்புதமாக இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் 'ஒப்பனை நன்றாக இருக்கிறது' என்றார்கள். யாரும் பயப்படவில்லை. மறுநாள் அதே முகத்தைத் திரைச்சீலைக்குப் பின்னால் வைத்து, துணியில் மூக்கும் நெற்றியும் முட்டிக்கொண்டு தெரிவதை மட்டும் விட்டுவைத்தேன். அதைப் பார்த்த ஒரு தோழி, தன்னுடைய அறை ஜன்னலின் திரைச்சீலையை எண்ணிக்கொண்டு 'இதை எனக்கு அனுப்பாதே' என்றாள். முழு முகத்தைப் பார்த்தவர்கள் என் வேலையைப் பார்த்தார்கள். பாதி முகத்தைப் பார்த்தவள் தன் வீட்டைப் பார்த்தாள்.

மறைப்பதற்கு இருட்டு ஒன்றுதான் வழி என்று நினைக்க வேண்டாம். படச்சட்டத்தின் விளிம்பு ஓர் உருவத்தை வெட்டலாம். ஆள் முதுகைக் காட்டி நிற்கலாம். ஆளே இல்லாமல் அவர் விட்டுப்போன தடம் மட்டும் இருக்கலாம்: கதவின் உட்புறத்தில் நகக்கீறல், இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் நாற்காலி. வெளிச்சத்தாலும் மறைக்கலாம். 1982-இல் வந்த 'தி திங்' படத்துக்கு ஓவியர் ட்ரூ ஸ்ட்ரூசன் ஒரே இரவில் வரைந்த போஸ்டரில், குளிர்கோட்டு அணிந்த ஒருவர் பனியில் நிற்கிறார். முகம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து வெள்ளை ஒளி கதிர்கதிராக வெடித்துக்கொண்டு வெளியே வருகிறது. யாருடைய உடலுக்குள் எது புகுந்திருக்கிறது என்று தெரியாததுதான் அந்தப் படத்தின் பயம். முகத்தை அழித்ததால் போஸ்டர் அந்தப் பயத்தை அப்படியே பிடித்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. முழுவதும் மறைத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கறுப்புத் தாள். மறைக்கப்பட்டது அங்கேதான் இருக்கிறது என்பதற்கு ஒரு சான்று வேண்டும். 'ஏலியன்' (1979) போஸ்டரில் உயிரினம் இல்லை. ஒரு முட்டை, அதில் ஒரு விரிசல், விரிசலில் பச்சை ஒளி. அந்த விரிசலை எடுத்துவிட்டுக் கற்பனை செய்து பாருங்கள். முட்டை வெறும் முட்டையாகிவிடும்.

இதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. படத்துக்கு வருபவர் பயப்படச் சம்மதித்து டிக்கெட் வாங்குகிறார். சாலையில் போகும் குழந்தை அப்படிச் சம்மதிக்கவில்லை. பொது இடத்தில் ஒட்டப்படும் படத்தில் கோரத்தைத் தவிர்ப்பதை நான் கைவினை சார்ந்த கடமையாகவே கருதுகிறேன்.

படி 3: கண்ணுக்கு ஒரு பாதை போடுங்கள்

'ஜாஸ்' (1975) போஸ்டரை விட்டால் இதற்குச் சிறந்த பாடம் கிடையாது. ரோஜர் காஸ்டெல் அதை முதலில் நாவலின் பேப்பர்பேக் பதிப்பின் அட்டைக்காக வரைந்தார். பிறகு அதுவே படத்தின் முகமானது. மேலே சிவப்பு எழுத்தில் தலைப்பு. அதற்குக் கீழே நீர்மட்டம். நீர்மட்டத்தில் ஒரு பெண் நீந்துகிறாள். அவள் உடல் கிடைக்கோடு. கீழிருந்து சுறாவின் தலை முக்கோணமாக மேல்நோக்கி எழுகிறது, அது செங்குத்துக்கோடு. பற்களில் மாட்டிய நம் கண் மூக்கின் நுனி வழியாக மேலே ஏறி, அந்தப் பெண்ணைச் சென்று தொடுகிறது. தொட்ட பிறகுதான் நமக்கு உறைக்கிறது: அவளுக்கு எதுவும் தெரியாது.

சுறாவைத்தான் பெரிதாகக் காட்டிவிட்டார்களே, மறைத்தது எங்கே என்று கேட்கலாம். இரண்டு இடங்களில். ஒன்று, தலை மட்டுமே தெரிகிறது; உடல் போஸ்டரின் கீழ்விளிம்புக்கு வெளியே போய்விடுகிறது. அது எவ்வளவு நீளம் என்று நாமே கணக்குப் போட வேண்டும். இரண்டு, மூக்கு நுனிக்கும் அவள் உடலுக்கும் நடுவே உள்ள நீலநிற இடைவெளி. அந்த இடைவெளியில் எதுவும் வரையப்படவில்லை. ஆனால் அடுத்த நொடி முழுவதும் அங்கேதான் நடக்கப்போகிறது. சுறாவின் வாயில் அவளை வைத்திருந்தால் நடந்து முடிந்த விபத்தாகப் போயிருக்கும்.

உங்கள் போஸ்டரிலும் அப்படி ஓர் இடைவெளியைத் தேடுங்கள். கைக்கும் தாழ்ப்பாளுக்கும் நடுவே, கழுத்துக்கும் விரல்களுக்கும் நடுவே. அதை அரை அங்குலம் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். ஓர் அளவில் மூச்சு நிற்கும். அந்த அளவைச் சூத்திரமாகச் சொல்ல முடியாது. கண்ணால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வெற்றிடத்தை வைக்கும் இடமும் முக்கியம். சாதாரண உருவப்படத்தில் ஒருவர் பார்க்கும் திசையில் இடம் விடுவோம். அதுதான் கண்ணுக்கு இதம். திகில் போஸ்டரில் இதைத் திருப்பிப் போடுங்கள். ஆளைப் பார்வைத் திசையில் உள்ள விளிம்போடு நெருக்கி நிறுத்தி, முதுகுக்குப் பின்னால் இடம் விடுங்கள். அவர் பார்க்காத பகுதியைப் பார்ப்பவர் காவல் காக்கத் தொடங்கிவிடுவார். அங்கே எதையும் வைக்கத் தேவையே இல்லை.

தனிமையைக் காட்ட ஆளைச் சிறிதாக்குங்கள். நீங்கள் சரியென்று நினைக்கும் அளவில் பாதியாக்குங்கள், அதிலும் பாதியாக்கிப் பாருங்கள். கோணச் சாய்வைப் பொறுத்தவரை அடக்கம் நல்லது. ஐந்து பாகை சாய்த்தாலே ஏதோ சரியில்லை என்று மனம் உணரும். இருபது பாகை சாய்த்தால் சாய்த்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

படி 4: வெளிச்சத்தை இடம் மாற்றுங்கள்

ஓர் இருட்டறையில் கண்ணாடி முன் நின்று, டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் எல்லோரும் செய்த விளையாட்டுதான். இப்போது அதை வடிவமைப்பாளராகக் கவனியுங்கள். மூக்கின் நிழல் மேல்நோக்கி நெற்றிக்கு ஏறுகிறது. வழக்கமாக நிழலில் இருக்கும் தாடையின் அடிப்பகுதி ஒளிர்கிறது. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று எதிர்பார்த்து உருவங்களைப் படிப்பது நம் மூளையின் பழக்கம். சூரியனும் விளக்கும் மேலேதானே இருக்கின்றன. கீழிருந்து ஒளி வந்தால் மேடும் பள்ளமும் இடம் மாறியதுபோல் ஆகி, நமக்கு நன்றாகத் தெரிந்த முகமே அந்நியமாகிவிடுகிறது.

பக்கவாட்டு ஒளி முகத்தைப் பாதியாகப் பிளக்கும். இரட்டை வாழ்க்கை வாழும் பாத்திரத்துக்குப் பொருத்தம். பின்னொளி ஆளை நிழலுருவமாக்கும். நோக்கம் என்னவென்று தெரியாத ஒருவருக்கு அது சரி. நிழலுருவத்துக்குப் புறக்கோடுதான் எல்லாம். தோளும் தலையும் ஒட்டிக்கொண்டு வெறும் திரளாகத் தெரிந்தால் அது மரமா மனிதனா என்று புரியாது. விரல்கள் பிரிந்திருக்க வேண்டும், கைக்கும் இடுப்புக்கும் நடுவே வெளிச்சம் ஊடுருவ வேண்டும்.

முடிந்தால் உண்மையான விளக்கை வைத்துப் படமெடுங்கள். பகலில் எடுத்த படத்தை மென்பொருளில் இருட்டாக்கினால் நிழல்கள் பொய் சொல்லும். எங்கே பொய் என்று பார்ப்பவரால் சொல்ல முடியாவிட்டாலும் நம்பிக்கை போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்த உத்தி, கறுப்புக்குள் கறுப்பு. பின்னணியை முழுக்கறுப்பாக்காமல், அதைவிடச் சற்றே வெளுத்த கறுப்பில் ஓர் உருவத்தை வைப்பது. முதல் பார்வையில் தெரியாது. இரண்டாவது பார்வையில் தெரியும். ஒருமுறை தெரிந்துவிட்டால் பிறகு காணாமல் போகாது. பார்ப்பவர் தானே கண்டுபிடித்த உருவம் என்பதால், நாம் காட்டும் எதையும்விட அது ஆழமாகப் பதியும்.

படி 5: நிறத்தைக் குறைத்துக்கொண்டே போங்கள்

கறுப்பும் சிவப்பும் தேய்ந்துபோன கூட்டணி. அதைத் தடைசெய்யச் சொல்லவில்லை. அதுதான் முதலில் தோன்றும் என்பதால், அடுத்து எது தோன்றுகிறது என்று காத்திருக்கச் சொல்கிறேன். 'ரோஸ்மேரிஸ் பேபி' (1968) போஸ்டரில் ஸ்டீஃபன் ஃபிராங்க்ஃபர்ட் பச்சையை எடுத்துக்கொண்டார். திரை முழுவதும் பச்சையில் தோய்ந்த ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம், அதன் மேல் பாறையில் தனியாக நிற்கும் குழந்தை வண்டியின் நிழலுருவம். வண்டிக்குள் இருப்பது தெரியாது. 'தி ஷைனிங்' (1980) படத்துக்கு சால் பாஸ் செய்த போஸ்டர் பளிச்சென்ற மஞ்சள். தலைப்பின் முதல் எழுத்துக்குள் புள்ளிகளால் ஆன ஒரு முகம். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் பல ஓவியங்களைக் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பிய பிறகே அந்த வடிவம் தேறியது. 'மிட்சோமார்' (2019) போஸ்டர் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பட்டப்பகலையும் பூக்களையும் அழும் முகத்தையும் சேர்த்து வைத்தது. ஒளிந்துகொள்ள நிழலே இல்லாத இடத்திலும் பயம் வாழும் என்று அது காட்டுகிறது.

இரவைக் குறிக்க ஏன் நீலமும் பச்சையும் கைகொடுக்கின்றன? மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்குச் சிவப்பு முதலில் கறுத்துப்போகும். நீலமும் பச்சையும் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும். செக் நாட்டு உடலியலாளர் புர்கின்யே 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்துப் பதிவுசெய்தார். ஆகவே நள்ளிரவுக் காட்சியில் உதடும் ரத்தமும் பளீர்ச் சிவப்பாக இருந்தால் அது நள்ளிரவாகத் தோன்றாது. சிவப்பை அடக்குங்கள்.

ஒரே ஒரு நிறத்துக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்து, அதைப் போஸ்டரில் ஒரே இடத்தில் வையுங்கள். மற்ற எல்லாவற்றிலும் செறிவைக் குறைத்துவிடுங்கள். தோலின் நிறத்தில் சிவப்பைக் கொஞ்சம் எடுத்துவிட்டுப் பச்சையைச் சேர்த்தால் நோயின் சாயல் வரும், சிறிதளவே போதும்.

படி 6: கண்ணிலிருந்து உயிரை எடுங்கள்

எந்த உருவப்படத்தையும் பெரிதாக்கிக் கண்மணியைப் பாருங்கள். அதில் ஜன்னலோ விளக்கோ பிரதிபலிக்கும் சிறு வெள்ளைப் புள்ளி இருக்கும். அந்தப் புள்ளியை மட்டும் அழித்துவிட்டு, படத்தைப் பழைய அளவுக்குச் சுருக்குங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். அதே சிரிப்பு, அதே முகம். ஆனால் உள்ளே யாரும் இல்லை. பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். அந்த ஒரு புள்ளி மறையும் கணத்தில் இன்றும் எனக்குச் சில்லிடுகிறது.

மனிதக் கண்ணில் வெள்ளை விழி தெளிவாகத் தெரியும். பயத்தில் இமைகள் விரிந்தால் வெள்ளை கூடுதலாகத் தெரியும்; எதிரே இருப்பவருக்கு அதுவே அபாயச் செய்தி. பயந்தவரின் கண்ணைக் காட்டுகிறீர்களா, பயமுறுத்துபவரின் கண்ணைக் காட்டுகிறீர்களா என்று முடிவெடுங்கள். பயந்த கண் சட்டத்துக்கு வெளியே எதையோ பார்க்கட்டும். பார்ப்பவர் அதைத் தேடுவார். பயமுறுத்தும் கண் நேராக நம்மைப் பார்க்கட்டும்.

ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: மனிதரைப் போன்ற உருவம் மனிதரை நெருங்க நெருங்க நமக்குப் பிடித்துப்போகிறது, மிக நெருங்கி, ஆனால் முழுதும் ஒன்றாமல் நிற்கும் இடத்தில் சட்டென்று அருவருப்பு வருகிறது. பொம்மைகளும் முகமூடிகளும் திகில் போஸ்டரில் நிலைத்திருப்பதற்குக் காரணம் அந்த இடம்தான். முகத்தின் ஒரு பாதியைப் பிரதியெடுத்து மறுபாதியாக ஒட்டிப் பாருங்கள். எந்த முகமும் இயற்கையில் அத்தனை சமச்சீராக இருப்பதில்லை. கோரைப் பல்லும் கொம்பும் சேர்ப்பதைவிட இது பலமானது.

படி 7: ஒன்றுக்குள் இன்னொன்றை வையுங்கள்

இது எல்லாப் படத்துக்கும் வேண்டியதில்லை. வலிந்து செய்தால் புதிர்ப்படம் போல் ஆகிவிடும். 'ஹாலோவீன்' (1978) போஸ்டரில் பாப் கிளீசன் வரைந்த, ஹாலோவீன் பண்டிகைக்காகச் செதுக்கும் பூசணியைப் பாருங்கள். அதன் வரிகள் வலப்பக்கம் போகப் போகக் கத்தியைப் பிடித்த கையின் விரல்கணுக்களாக மாறிவிடுகின்றன. பண்டிகையும் கொலையும் ஒரே கோட்டில். அந்த இரண்டையும் படமே இணைத்துவைத்திருப்பதால்தான் கோடு பொருந்துகிறது.

'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' (1991) போஸ்டரில் ஒரு பெண்ணின் வெளிறிய முகம். வாயை மூடிக்கொண்டு ஒரு அந்துப்பூச்சி. பூச்சியின் முதுகில் மண்டையோடு. உருப்பெருக்கியால் பார்த்தால் அந்த மண்டையோடு ஏழு பெண்களின் உடல்களால் ஆனது. 1951-இல் புகைப்படக் கலைஞர் பிலிப் ஹால்ஸ்மன் சல்வடோர் டாலியோடு சேர்ந்து உருவாக்கிய படத்திலிருந்து எடுத்தது அது. தூரத்தில் வாயில்லாத முகம், அருகில் மண்டையோடு, இன்னும் அருகில் உடல்கள். பெண்களைக் கடத்திக் கொல்பவனைத் தேடும் கதைக்கு இந்த மூன்று அடுக்குகளும் மூன்று தனித்தனிச் செய்திகள். ஒருவர் போஸ்டரை நோக்கி நடந்துவரும் தூரத்தையே கதை சொல்லப் பயன்படுத்திக்கொண்ட வேலை அது. எப்போது பார்த்தாலும் எனக்கு அதன்மேல் பொறாமை.

படி 8: எழுத்துக்குப் பயத்தைக் கற்றுக்கொடுங்கள், அளவோடு

ரத்தம் சொட்டும் எழுத்து இன்று குழந்தைகள் விழாவைத்தான் நினைவூட்டுகிறது. படம் ஏற்கெனவே கத்துகிறது என்றால் எழுத்து அமைதியாக இருக்கட்டும். 'ஏலியன்' தலைப்பில் மெல்லிய எழுத்துகள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் நிற்கின்றன. அந்த இடைவெளியே விண்வெளி. படம் அமைதியாக இருந்தால் எழுத்தில் ஒரு காயம் போடலாம்: ஒரே எழுத்தில், ஒரே இடத்தில்.

தமிழ் எழுத்தில் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளியைக் கீறலும் கறையும் விழுங்கிவிட்டால் சொல்லே மாறிவிடும். சுழிகள் சிறியவை, சிதைவைச் சுழிக்குள் வைத்தால் எழுத்து அடைபடும். செங்குத்துக் கால்களிலும் கிடைக்கோடுகளிலும் தேய்மானத்தை வைத்து, சுழிகளையும் புள்ளிகளையும் சுத்தமாக விட்டுவிடுங்கள். கையால் எழுதி ஸ்கேன் செய்வது இன்னும் நல்லது. காய்ந்த தூரிகையால் நாற்பது முறை எழுதினால் ஒன்றாவது உயிரோடு வரும்.

கறுப்பின் மேல் அடர்சிவப்பில் சிறு எழுத்து வைப்பது பலரும் செய்யும் தவறு. பளிச்சென்ற சிவப்புக்கும் கறுப்புக்குமே ஒளி வேறுபாடு ஐந்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. ரத்தச் சிவப்பில் அது இரண்டுக்கு ஒன்று என்று சுருங்கிவிடும். தலைப்பு தப்பிக்கும், கலைஞர்களின் பெயர்கள் தப்பிக்காது.

விளம்பர வாசகம் படத்தை விளக்கக் கூடாது. 1920-இல் 'டாக்டர் காலிகாரியின் அறை' வருவதற்கு முன்பு, நீ காலிகாரியாக மாறியே ஆக வேண்டும் என்ற கட்டளை மட்டும் கொண்ட சுவரொட்டிகள் பெர்லினில் ஒட்டப்பட்டன. காலிகாரி யார் என்பதற்கு அவற்றில் விளக்கம் இல்லை. 1999-இல் 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' படத்துக்காக, காணாமல் போனவர்களைத் தேடும் துண்டறிக்கைகள் போலவே விளம்பரங்கள் அச்சிடப்பட்டன. அவை விளம்பரம் போலவே தோன்றவில்லை. அதனால்தான் படித்தார்கள்.

படி 9: அச்சுக்கும் கைபேசித் திரைக்கும் தயார்செய்யுங்கள்

அமெரிக்கத் திரையரங்குப் போஸ்டரின் வழக்கமான அளவு 27 அங்குல அகலம், 40 அங்குல உயரம். வெட்டுவதற்கு நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டராவது கூடுதலாக விடுங்கள். விளிம்பில் வெட்டுப்படும் கைவிரல் போன்ற நுணுக்கம் இருந்தால் அந்த 3 மில்லிமீட்டர் பயத்தையே மாற்றிவிடும்.

கறுப்பைப் பற்றி ஒரு பாடம். கறுப்பு மையை மட்டும் நூறு சதவீதம் வைத்து நான் அனுப்பிய ஒரு போஸ்டர், அச்சாகி வந்தபோது சாம்பல் நிறத்தில் இருந்தது. கறுப்புக்குள் கறுப்பாக ஒளித்துவைத்திருந்த உருவம் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. பெரிய கறுப்புப் பரப்புகளுக்கு மற்ற மூன்று மைகளையும் கலக்க வேண்டும். நீலம் 60, சிவப்பு 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்பது பரவலாகப் பயன்படும் கலவை. அச்சகத்தாரிடம் அவர்களுடைய தாள் எவ்வளவு மை தாங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கறுப்பின் மேல் மிகச் சிறிய வெள்ளை எழுத்து வைத்தால், மைகள் இம்மி விலகினாலும் எழுத்து அடைந்துபோகும். மாதிரி அச்சு ஒன்று எடுத்து, அதைப் பகலிலும் இரவிலும் சுவரில் மாட்டிப் பாருங்கள்.

இன்று பெரும்பாலானோர் போஸ்டரை முதலில் பார்ப்பது கட்டைவிரல் நகம் அளவில். படத்தை 100 பிக்சல் உயரத்துக்குச் சுருக்குங்கள். வெளிச்சமும் இருளும் மட்டும் தெரியும்படி நிறத்தையும் நீக்குங்கள். ஓர் உருவமும் ஒரு வெற்றிடமும் பிரிந்து தெரிந்தால் நல்லது. சேறு போல் கலங்கினால் எதையாவது எடுத்துவிட வேண்டும். எதை எடுப்பது என்று தெரியவில்லை என்றால், செய்ய மிக அதிக நேரம் பிடித்ததை எடுங்கள். பெரும்பாலும் அதுதான் இடைஞ்சலாக இருக்கும்.

படி 10: மூன்று நொடிச் சோதனை

படத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் போஸ்டரை மூன்று நொடி காட்டி மூடிவிடுங்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள்; கேட்டால் மரியாதைக்காகப் பிடித்திருக்கிறது என்பார். என்ன பார்த்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

'ஒரு பெண், ஒரு வீடு, ஒரு பேய்' என்று பொருட்களை வரிசையாகச் சொன்னால், இரண்டாவது படிக்குத் திரும்பிப் போங்கள், எல்லாவற்றையும் காட்டிவிட்டீர்கள். 'ஏதோ இருட்டாக இருந்தது' என்றால் மூன்றாவது படிக்கும் நான்காவது படிக்கும் திரும்புங்கள், சான்று போதவில்லை. பதில் சொல்லாமல் 'அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது யார்? இன்னொரு முறை காட்டுங்கள்' என்று உங்களையே அவர் கேட்டால், கோப்பைச் சேமித்து அச்சுக்கு அனுப்பிவிடுங்கள்.